மண்டி தரும் ருசி: மஸ்கடே ஒயினும் அதைக் காத்துவரும் குடும்பங்களும்

ரசம் வைத்தால் மேலே தெளிவு நிற்கும், அடியில் மண்டி தங்கும். தெளிவை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு மண்டிக்காகக் காத்திருக்கும் ஆள் எல்லா வீட்டிலும் ஒருவராவது உண்டு. பருப்பும் மிளகும் சீரகமும் இறங்கிச் சேர்ந்திருக்கும் இடம் அதுதான் என்று அவருக்குத் தெரியும். பிரான்சின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்தில், நாந்த் நகரத்தைச் சுற்றி விளையும் மஸ்கடே என்ற வெள்ளை ஒயினுக்கும் ருசி பெருமளவு அடியில் இருந்துதான் வருகிறது.

திராட்சைச் சாறு புளித்து ஒயினாக மாறி முடிந்ததும், அந்த வேலையைச் செய்த ஈஸ்ட் செத்துத் தொட்டியின் அடியில் படியும். பழுப்பு கலந்த வெண்ணிறத்தில், கூழ் மாதிரி இருக்கும். வெள்ளை ஒயின் செய்பவர்களில் பெரும்பாலானோர் சீக்கிரமே தெளிந்த ஒயினை வேறு தொட்டிக்கு இறுத்துவிட்டு இந்த மண்டியைக் கழித்துவிடுவார்கள். நாந்த் பக்கத்தில் அதை அப்படியே விட்டுவைக்கிறார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க, சில தோட்டங்களில் இரண்டு மூன்று வருடங்கள்கூட, ஒயின் அந்த மண்டியின் மேலேயே கிடக்கும். பாட்டிலின் லேபிளில் 'சுர் லி' என்று போட்டிருந்தால், மண்டியின் மேல் வைத்து அங்கிருந்து நேராகப் பாட்டிலில் அடைத்தது என்று அர்த்தம். இனிப்பு கிட்டத்தட்ட இல்லாத, புளிப்பு தூக்கலான, மெல்லிய ஒயின் இது.

செய்முறை என்று பார்த்தால் இதைவிட எளிமையானது கிடையாது. எடுக்க வேண்டியதை எடுக்காமல் விடுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அப்படி விட்டுவிட்டுக் காத்திருப்பதற்குப் பணமும் இடமும் பொறுமையும் வேண்டும். மூன்றில் பணம்தான் இங்கே எப்போதும் பற்றாக்குறை. உலகத்திலேயே உழைப்புக்கும் விலைக்கும் இவ்வளவு பொருத்தமில்லாமல் விற்கப்படும் நல்ல வெள்ளை ஒயின்களில் மஸ்கடேவும் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். அது ஏன் அப்படி ஆனது என்று புரிந்துகொள்ள, மண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதோடு அதை வைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மஸ்கடே என்ற பெயரைக் கேட்டால் மஸ்கட் திராட்சை நினைவுக்கு வரும். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் விளைகிற பன்னீர் திராட்சை அந்த மஸ்கட் வகைதான், வாசனைக்குப் பேர்போனது. மஸ்கடேவுக்கும் அதற்கும் உறவு கிடையாது. இதைச் செய்கிற திராட்சையின் பெயர் மெலோன் த பூர்கோன். பெயரே சொல்வது போல, பிரான்சின் கிழக்கே உள்ள பர்கண்டியில் இருந்து வந்தது. 1999-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, பினோ என்ற உயர்ந்த திராட்சைக்கும் குவே பிளான் என்ற, யாரும் மதிக்காத நாட்டு வகைக்கும் பிறந்த பிள்ளைகளில் மெலோனும் ஒன்று என்று காட்டியது. ஷார்டோனே அதே பெற்றோருக்குப் பிறந்ததுதான். ஆக, உலகத்தின் மிகப் பிரபலமான வெள்ளைத் திராட்சைக்கு இது உடன்பிறப்பு. ஆனால் அந்தக் கூடப்பிறந்ததன் வசீகரம் இதற்கு வரவில்லை. மெலோன் சாறு கிட்டத்தட்ட வாசனையே இல்லாதது. பச்சை ஆப்பிள், எலுமிச்சை என்று லேசாக ஏதோ தட்டுப்படும். இதை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு நாந்த்தின் விவசாயிகள் கண்டுபிடித்த பதில்தான் மண்டி.

இந்தக் கொடி ஏன் இங்கே வந்தது என்பதில் டச்சு வியாபாரிகளின் கை இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் நாந்த் துறைமுகத்துக்கு வந்த அவர்களுக்கு, காய்ச்சி வடித்துச் சாராயமாக்க நிறைய மெல்லிய வெள்ளை ஒயின் தேவைப்பட்டது. அவர்கள் கேட்டதால் சிவப்புத் திராட்சையை விட்டு வெள்ளைக்கு மாறினார்கள். (அதே நாந்த்தில்தான் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லோரியான் துறைமுகத்துக்கு இடம் மாறும் வரை, பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி புதுச்சேரியில் இருந்து போன துணி மூட்டைகளை ஏலம் விட்டது. நம் கரையும் அந்தக் கரையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்த காலம் அது.) பிறகு 1709-இன் குளிர் வந்தது. ஐரோப்பா முழுக்க ஆறுகள் உறைந்தன, நாந்த் பக்கத்துக் கொடிகள் கூட்டமாகச் செத்தன. திரும்ப நட்டபோது, ஏற்கெனவே அங்கங்கே இருந்த, குளிரைத் தாங்கும், சீக்கிரம் பழுக்கும் மெலோன்தான் எல்லோருடைய கைக்கும் வந்தது. ருசிக்காக யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிழைத்துக் கிடக்கும் என்பதற்காக நட்டார்கள்.

மண்டியோடு வைக்கும் பழக்கம் எப்போது தொடங்கியது என்பதற்கு ஆவணத்தைவிடக் கதைதான் இருக்கிறது. எல்லாக் குடும்பமும் அந்த வருடத்தின் நல்ல பீப்பாய் ஒன்றைக் கல்யாணத்துக்கும் விருந்துக்கும் என்று ஒதுக்கி வைக்குமாம். அதை யாரும் தொட மாட்டார்கள், இறுத்து வேறு பீப்பாய்க்கு மாற்றவும் மாட்டார்கள். விசேஷத்தன்று திறந்து பார்த்தால், விற்பனைக்குப் போன ஒயினைவிட அது துடிப்பாகவும் கனமாகவும் இருக்குமாம். கதை எவ்வளவு உண்மையோ, அதில் இருக்கும் விவரம் சரியானது. வியாபாரத்துக்கு அவசரம், வீட்டுக்கு நிதானம். நிதானமாக வைத்தது நன்றாக வந்தது.

சரி, தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ அறுவடை. பிழிந்த சாற்றை முதலில் சில மணி நேரம் அசையாமல் வைத்து, தோல் துணுக்கு, மண் போன்ற கனமான அழுக்கைப் படியவிட்டு நீக்குவார்கள். இது முக்கியம். கடைசிவரை ஒயினோடு இருக்கப்போகும் மண்டி சுத்தமான ஈஸ்டாக இருக்க வேண்டும், திராட்சைக் குப்பையாக இருக்கக் கூடாது. அப்புறம் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவுமாக மாற்றும். சில வாரங்களில் சர்க்கரை தீர்ந்துவிடும். தின்ன எதுவும் இல்லாமல், சுற்றிலும் 12 சதவீதம் வரை ஆல்கஹால் நிற்க, ஈஸ்ட் செல்கள் சாகத் தொடங்கும்.

செத்த பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. உயிரோடு இருந்தபோது செல்லுக்குள் கட்டுப்பாட்டில் இருந்த நொதிகள் இப்போது அந்தச் செல்லையே அரிக்க ஆரம்பிக்கின்றன. சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, உள்ளே இருந்தவை ஒயினில் கரைகின்றன. புரதத்தில் இருந்து அமினோ அமிலங்கள் வருகின்றன. செல்சுவரில் இருந்து மேன்னோபுரோட்டீன் என்ற, சர்க்கரையும் புரதமும் பிணைந்த பொருள் வருகிறது. வாயில் ஒயினுக்கு ஒரு வழவழப்பும் கனமும் கிடைப்பதற்கு இது பெரிய காரணம். இனிப்பு ஒரு துளிகூட ஏறாமலே ஒயின் நிறைவாகத் தெரியும். ரொட்டி மாவு, வறுத்த கொட்டை என்று சொல்லத்தக்க மெல்லிய வாசனையும் வரும். கூடவே, சூப்பிலும் காளானிலும் நாம் உணர்கிற அந்த நாக்கை நிறைக்கும் சுவை எட்டிப்பார்க்கும். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் நடப்பதும் இதே வேலைதான். அங்கே இதற்குக் கோடிக்கணக்கில் விளம்பரம் செய்து விலை வாங்குகிறார்கள்.

இந்தச் சிதைவு மிக மெதுவாக நடக்கும். ஆய்வுக்கூடத்தில் 45, 50 டிகிரி சூட்டில் வைத்தால் வேகமாக முடிந்துவிடும். நிலவறைக் குளிரிலும் ஒயினின் புளிப்பிலும் மாதக்கணக்கு ஆகும். ஒரு குளிர்காலத்தில் கிடைப்பது ஒரு தொடக்கம் மட்டுமே. அதனால்தான் இரண்டு வருடம் வைத்த ஒயின் ஆறு மாதம் வைத்ததோடு ஒப்பிட முடியாதபடி வேறு ஆளாக இருக்கிறது.

மண்டி இன்னும் இரண்டு உதவிகள் செய்கிறது. ஒன்று, ஒயினில் நுழையும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். வாசனை குறைந்த மெலோன் போன்ற ஒயினுக்குக் காற்று பட்டால் இருக்கும் கொஞ்ச வாசனையும் போய்விடும், மண்டி அதற்கு ஒரு காவல். இரண்டாவது, இறுத்து மாற்றாததால் நொதித்தலின்போது உண்டான கரியமில வாயு கொஞ்சம் ஒயினிலேயே தங்கிவிடும். நல்ல சுர் லி ஒயினை வாயில் ஊற்றினால் நாக்கு நுனியில் மிக லேசாக ஊசி குத்துவது போல ஒரு துடிப்பு தெரியும். அது இந்த வாயுதான். ஒயின் இப்போதுதான் தொட்டியில் இருந்து வந்தது போன்ற புதுமை அதனால் கிடைக்கிறது.

ஆபத்தும் உண்டு. மண்டி தடிமனாகப் படிந்து இறுகினால் அடியில் காற்றே போகாமல், கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும். விட்டுவைப்பது என்றால் கவனிக்காமல் விடுவது என்று அர்த்தமில்லை. வாரா வாரம் யாராவது தொட்டியில் இருந்து கொஞ்சம் எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். சிலர் மண்டியை அவ்வப்போது கிளறி விடுவார்கள், அதனால் செல்கள் ஒயினோடு நன்றாகப் பழகும். சிலர் கிளறவே மாட்டார்கள், வாயு போய்விடும் என்பார்கள். இரண்டு பக்கமும் நல்ல ஒயின் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு அமைப்பு இங்கே உதவுகிறது. மஸ்கடே தோட்டங்களில் தொட்டிகள் பெரும்பாலும் தரைக்கு அடியில் இருக்கும். சிமெண்டால் கட்டி, உள்ளே கண்ணாடி ஓடு பதித்தோ பூச்சு பூசியோ விட்ட தொட்டிகள். மேலே நடந்து போனால் தரையில் வட்ட மூடிகள் மட்டும் தெரியும். மண்ணுக்குள் இருப்பதால் கோடையிலும் குளிர்காலத்திலும் வெப்பநிலை பெரிதாக மாறாது. உயரமான ஸ்டீல் தொட்டியில் மண்டி அடியில் குவிந்து அழுந்தும். ஆழம் குறைந்து அகலம் கூடிய தொட்டியில் அது மெல்லிய படலமாகப் பரவும், ஒயின் தொடும் பரப்பும் கூடும். ஓக் பீப்பாயை இங்கே பெரும்பாலானோர் தொடுவதில்லை. மரவாசனை ஏறினால் மெலோனின் மெல்லிய குரல் அமுங்கிவிடும்.

அந்தக் குரலில் கேட்பது கொஞ்சம் பாறையும்தான். பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணில் இருந்து வந்த கொடி, இங்கே பழைய ஆர்மோரிக்கன் பாறைத் திட்டின் மேல் நிற்கிறது. கோடிக்கணக்கான வருடப் பழமையான நைஸ், சிஸ்ட், கிரானைட், கப்ரோ என்று ஊருக்கு ஊர் பாறை மாறும். க்ளிசோனில் கிரானைட், பக்கத்திலேயே கோர்ஜில் கருமையான கப்ரோ. க்ளிசோன் ஒயின் அகலமாக, பழுத்த பழ வாசனையோடு வரும் என்றும் கோர்ஜ் ஒயின் இறுக்கமாக, திறக்க நேரம் எடுத்து வரும் என்றும் செய்பவர்கள் சொல்கிறார்கள். பாறை நேரடியாக ருசியாக மாறுவதில்லை. தண்ணீரைப் பிடித்துவைக்கும் விதம், வேர் போகும் ஆழம், மண் சூடாகும் வேகம் இவையெல்லாம் பாறையால் மாறுகின்றன. இந்த வேறுபாடு ஆறு மாத ஒயினில் அவ்வளவாகத் தெரியாது. மண்டியின் மேல் இரண்டு வருடம் கிடந்தால் தெரியும்.

இப்போது சட்டத்துக்கு வரலாம், ஏனென்றால் இந்த ஒயினின் தலையெழுத்தைக் குடும்பங்களைப் போலவே சட்டமும் எழுதியிருக்கிறது. செவ்ர், மேன் ஆறுகளின் பகுதிக்கு 1936-இலும் பொதுவான மஸ்கடே என்ற பெயருக்கு 1937-இலும் அரசு அங்கீகாரம் கிடைத்தது. சுர் லி என்ற சொல்லுக்கு 1977-இல்தான் முறையான விதி வந்தது. ஒயின் ஒரு குளிர்காலம் தன் மண்டியின் மேல் இருக்க வேண்டும், மார்ச் மாதத்துக்கு முன்னால் பாட்டிலில் அடைக்கக் கூடாது. இதில் ஒரு ஓட்டை இருந்தது. ஒயினைத் தோட்டத்தில் இருந்து டேங்கர் லாரியில் ஏற்றி, பெரிய வியாபாரியின் ஆலையில் அடைத்து, சுர் லி என்று விற்க முடிந்தது. வழியில் ஆடி அசைந்து போன வாயுவுக்குப் பதிலாக ஆலையில் வாயு ஏற்றுவதும் நடந்தது. 1994-இல் அந்தக் கதவை மூடினார்கள். ஒயின் எந்த நிலவறையில் பிறந்ததோ அங்கேயே பாட்டிலில் அடைத்தால்தான் சுர் லி.

இந்த ஒற்றை விதி சின்னக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரியது என்பது வெளியில் இருந்து பார்த்தால் புரியாது. அதுவரை ஒரு சாதாரணத் தோட்டக்காரர் குளிர்காலத்தில் மொத்த ஒயினையும் வியாபாரிக்கு விற்றுவிட்டுக் கையில் காசைப் பார்த்துவிடுவார். அவருக்கு லேபிளே இருக்காது. விதி வந்த பிறகு அந்தச் சொல்லின் மதிப்பு தோட்டத்தோடு கட்டப்பட்டது. பாட்டில் அடைக்கும் இயந்திரம் வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. லாரியிலேயே இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டு ஊர் ஊராக வருகிறவர்கள் இருக்கிறார்கள். வசந்த காலத்தில் லாரி வந்து முற்றத்தில் நிற்கும், குடும்பத்தோடு அக்கம்பக்கமும் சேர்ந்து பாட்டிலை அடுக்கும், தொட்டியில் இருந்து குழாய் வழியாக ஒயின் நேராகப் பாட்டிலுக்குள் போகும்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் மலிவு? 1970, 80-களில் மஸ்கடே சக்கைப் போடு போட்டது. பிரிட்டனிலும் பாரிஸ் உணவகங்களிலும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கேட்க ஆள் இருந்ததால் கொடியை நெருக்கி நட்டு, மகசூலை ஏற்றி, தண்ணீர் மாதிரி ஒயினையும் அதே பெயரில் அனுப்பினார்கள். ஏற்கெனவே வாசனை குறைந்த திராட்சை, அதில் மகசூலையும் கூட்டினால் மிச்சம் இருப்பது புளிப்பு மட்டுமே. அந்தப் புளிப்பைத்தான் ஒரு தலைமுறை மஸ்கடே என்று நினைவில் வைத்துக்கொண்டது. 1991 ஏப்ரலில் கடும் உறைபனி விழுந்து விளைச்சல் பெரும்பகுதி போனது. சரக்குக் குறைந்தது, விலை ஏறியது, வாங்கிக்கொண்டிருந்தவர்கள் வேறு நாட்டு ஒயின்களுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 13,000 ஹெக்டேர் இருந்த மஸ்கடே தோட்டப் பரப்பு இன்று பாதியளவுக்குச் சுருங்கிவிட்டது. ஓய்வு பெறும் வயதில் இருந்த விவசாயி, பிள்ளைகள் நாந்த் நகரத்தில் வேலைக்குப் போய்விட்டதால், கொடியைப் பிடுங்கிவிட்டு நிலத்தைக் கொடுத்துவிட்டார். இந்த ஊர்களில் இதே கதையை எத்தனையோ முற்றங்களில் கேட்கலாம்.

அந்த இறக்கத்தின் நடுவில்தான் சில குடும்பங்கள் எதிர்த் திசையில் நடந்தன. ல லாந்த்ரோ என்ற ஊரில் கி போசார் 1970-களிலேயே இயற்கை விவசாயத்துக்கு மாறினார். அதே ஊரில் லூனோ-பாப்பன் குடும்பம் பல தலைமுறைகளாகத் தோட்டம் வைத்திருக்கிறது. பியேர் லூனோவும் மோனிக் லூனோவும் ஒவ்வொரு நிலத்துண்டின் ஒயினையும் தனித்தனியாகச் செய்து, சிலவற்றை வருடக்கணக்கில் மண்டியில் வைத்தார்கள். இப்போது மகன் பியேர்-மரியும் மருமகள் மரியும் அதைத் தொடர்கிறார்கள். மெய்தோன்-சுர்-செவ்ர் ஊரில் மார்க் ஒலிவியே 1984-இல் பெப்பியேர் தோட்டத்தைத் தொடங்கினார். பகுதி முழுக்க இயந்திரம் அறுவடை செய்ய, கையால் கொத்துப் பறித்தார். இவர்களுடைய ஒயின் பத்து, இருபது வருடம் பாட்டிலில் நின்று வளர்ந்தது. மஸ்கடேயை வாங்கிய வருடமே குடித்துவிட வேண்டும் என்ற பொதுப் பேச்சு இவர்களிடம் பொய்த்துப்போனது.

இந்தப் பிடிவாதத்தில் இருந்துதான் ஊர்ப் பெயர் தாங்கிய உயர்தர வகைகள் பிறந்தன. க்ளிசோன், கோர்ஜ், ல பல்லே ஆகிய மூன்று ஊர்களுக்கு 2011-இல் அங்கீகாரம் வந்தது. 2019-இல் கூலேன், ஷாத்தோ-தெபோ, மோனியேர்-சேன்-ஃபியாக்ர், மூசியோன்-தில்லியேர் என்ற நான்கும் சேர்ந்தன. ஹெக்டேருக்கு 45 ஹெக்டோலிட்டர், அதாவது 4,500 லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது. க்ளிசோனும் கோர்ஜும் குறைந்தது 24 மாதம் மண்டியில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல் இருக்கிறது, வாங்குபவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சுர் லி என்று போடும் ஒயின் ஒரே ஒரு குளிர்காலம்தான் தொட்டியில் இருக்கலாம், அடுத்த வருட முடிவுக்குள் அடைத்தாக வேண்டும். இரண்டு குளிர்காலம் தாண்டிய க்ளிசோனுக்கு அந்தச் சொல்லைப் போட உரிமை இல்லை. மண்டியின் மேல் அதிக காலம் கிடந்த மஸ்கடேயின் லேபிளில்தான் மண்டியைப் பற்றி எதுவும் இருக்காது. சுர் லி என்ற சொல்லைத் தேடி மட்டும் வாங்குகிறவர் இந்தப் பகுதியின் சிறந்த ஒயினைத் தாண்டிப் போய்விடுவார். ஊர்ப் பெயரைத் தேட வேண்டும்.

24 மாதம் என்று விதியில் எழுதுவது சுலபம். ஒரு குடும்பத்தின் கணக்கில் அதைப் போட்டுப் பாருங்கள். செப்டம்பரில் அறுவடை, குளிர்காலத்தில் கவாத்து, வசந்தத்தில் மொட்டுத் தள்ளல், அடுத்த செப்டம்பரில் அடுத்த அறுவடை. முதல் வருட ஒயின் இன்னும் தொட்டியில் கிடக்கிறது, அதற்குக் காசு வரவில்லை. இரண்டாவது வருடச் சாற்றுக்குத் தொட்டி வேண்டும். மூன்றாவது வருடத்துக்கும் வேண்டும். கவாத்துக்குக் கூலி, டிராக்டருக்கு டீசல், வங்கிக்குத் தவணை எல்லாம் மாதா மாதம் போய்க்கொண்டிருக்கும். ஆறு மாதத்தில் விற்கிற சாதாரண சுர் லி ஒயின்தான் இந்தச் செலவைத் தாங்குகிறது. அதனால் ஒரே தோட்டத்தில் இரண்டும் இருக்கும். மலிவு பாட்டில் வீட்டை நடத்தும், நீண்ட நாள் வைத்த பாட்டில் பெயரைக் காக்கும். கம்பெனி முதலீட்டாளர் யாரும் இந்த விலைக்கு இவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார். நிலமும் வீடும் தொட்டியும் தாத்தா காலத்திலேயே கடன் தீர்ந்து கைக்கு வந்திருந்தால்தான், அல்லது பிடித்த வேலைக்காகக் குறைந்த வருமானத்தில் வாழச் சம்மதித்தால்தான், இது நடக்கும். இப்படிப் பார்க்கும்போது, 24 மாத ஒயினின் விலையில் ஒரு பகுதியை முன் தலைமுறை ஏற்கெனவே கட்டிவிட்டது.

குடும்பம் என்றால் எப்போதும் ரத்த உறவு என்றும் இல்லை. மார்க் ஒலிவியே தன் தோட்டத்தில் ரெமி பிராஞ்சேவையும் க்வெனயேல் குருவாவையும் கூட்டாளிகளாகச் சேர்த்து, அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். கி போசாரும் தன் தோட்டத்தை வெளியாள் ஒருவருக்கே கொடுத்தார். பிள்ளைகள் வராத இடத்தில், வேலையைப் பக்கத்தில் இருந்து பழகியவருக்கு வாரிசுரிமை போகிறது. இந்தப் பகுதி பிழைக்க வேண்டும் என்றால் இப்படிப்பட்ட கைமாற்றங்கள் இன்னும் நிறைய நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெப்பியேர் ஒயின் கைமாறிய பிறகும் தரம் இறங்கவில்லை என்பது தெம்பு தருகிறது.

பணக் கணக்கைவிடப் பெரிய பயம் ஏப்ரல் மாதம். குளிர்காலம் முன்னைவிட மிதமாகிவிட்டதால் கொடி சீக்கிரம் விழித்து மொட்டு விடுகிறது. அதற்குப் பிறகு ஓர் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த வருடமே போச்சு. 1709-ஐத் தாங்கிய மெலோன், இலை விரிந்த பிறகு எதையும் தாங்காது. 2016, 2017, 2019, 2021 என்று உறைபனி வரிசையாக வந்தது. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்கத் தோட்டங்கள் அடிவாங்கின, நாந்த் பகுதியும் தப்பவில்லை. காற்றாலை மாதிரி விசிறி வைத்து மேலே உள்ள சூடான காற்றைக் கீழே தள்ளுகிறார்கள், வரிசைக்கு வரிசை மெழுகு வாளி கொளுத்துகிறார்கள். மலிவான ஒயினுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாவதில்லை. மண்டியில் வருடக்கணக்கில் ஒயின் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இங்கே ஒரு எதிர்பாராத ஆறுதல் உண்டு. ஒரு வருடம் விளைச்சலே இல்லாமல் போனாலும், முந்தைய வருடத்துச் சரக்கு தொட்டியில் இருக்கும், விற்க ஏதோ ஒன்று கையில் இருக்கும்.

வெயிலும் கூடுகிறது. மஸ்கடேவின் ஆல்கஹால் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு உச்சவரம்பைப் பழைய விதியில் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் திராட்சை சரியாகப் பழுக்காது, சர்க்கரை சேர்த்து அளவுக்கு மேல் ஏற்றிவிடக் கூடாது என்பதே கவலை. இப்போது சர்க்கரை சேர்க்காமலே திராட்சை அந்த அளவைத் தொட்டுவிடுகிறது. அறுவடை ஆகஸ்டுக்குள் நகர்ந்துவிட்ட வருடங்கள் உண்டு. புளிப்பு குறைந்தால் இந்த ஒயினின் முதுகெலும்பே வளைந்துவிடும், அதனால் அறுவடைத் தேதியைத் தீர்மானிப்பது முன்னைவிடப் பதற்றமான வேலையாகிவிட்டது.

குடிப்பது பற்றிக் கொஞ்சம். நாந்த்துக்குப் பக்கத்தில் பூர்நெஃப் விரிகுடாவில் சிப்பி வளர்க்கிறார்கள், பச்சைச் சிப்பிக்கும் இளம் சுர் லி ஒயினுக்கும் உள்ள பொருத்தம் உலகப் பிரசித்தம். வெண்ணெயும் வினிகரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் செய்யும் பேர் பிளான் என்ற சாஸும் இங்கே ஓடும் லுவார் ஆற்றின் கரையில் பிறந்ததுதான், ஆற்று மீனோடு அதைச் சாப்பிடும்போதும் இதே ஒயின்தான். ஆனால் க்ளிசோனையோ கோர்ஜையோ சிப்பிக்கு மட்டும் என்று ஒதுக்கினால் அநியாயம். அவை கோழிக்கும் காளானுக்கும் கெட்டியான சாஸ் உள்ள மீனுக்கும் தாங்கும். ஐஸ் மாதிரி குளிர்வித்துக் கொடுக்கவும் கூடாது. குளிர் கூடினால் மண்டி இரண்டு வருடம் உழைத்துக் கொண்டுவந்த கனமும் வாசனையும் மறைந்து, புளிப்பு மட்டும் நாக்கில் நிற்கும். பத்து, பன்னிரண்டு டிகிரி போதும், கொஞ்சம் அகலமான கிளாஸ் இருந்தால் இன்னும் நல்லது.

பிரான்சிலோ வெளிநாட்டிலோ நல்ல ஒயின் கடை கிடைத்தால், ஒரே தோட்டத்தின் இரண்டு பாட்டிலைச் சேர்த்து வாங்குங்கள். ஒன்று சாதாரண சுர் லி, இன்னொன்று ஊர்ப் பெயர் போட்டது. இரண்டையும் அடுத்தடுத்து ருசித்தால் போதும், மேலே நான் எழுதிய வேதியியல் முழுக்க வாயிலேயே விளங்கிவிடும். ஊர்ப் பெயர் போட்ட பாட்டிலுக்குக் கடைக்காரர் கேட்கும் விலை, பர்கண்டியின் சாதாரண வெள்ளை ஒயின் பலவற்றைவிட இன்னும் குறைவாகவே இருக்கும். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.